துளசியின் பச்சைப் பட்டன்

துளசியிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். கல்யாண வீட்டில் தரும் எவர்சில்வர் கிண்ணமானாலும் சரி, மருந்துக் கடைப் பொட்டலமானாலும் சரி. அந்தப் பழக்கம் பாயான் பாருவில் வந்தது. கணினிக்குள் வைக்கும் வட்டுகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தன் கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்து மகளின் கல்யாணத்துக்குப் பின்பு வரை தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தாள். மற்றப் பெண்கள் உட்கார்ந்து பார்த்து அனுப்புவார்கள். அவர்கள் பார்த்ததை இவள் நின்று பார்ப்பாள். ஓய்வு பெற்ற நாளில் கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. முழங்கால் வலியை அவளே கொண்டு வந்தாள்.

கணவர் காலமாகி, மகள் ஜொகூருக்குக் குடிபோன பிறகு பாயான் பாரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தாள். வாரம் ஒருமுறை பஸ் ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. அப்படிப் போன ஒரு தீபாவளிக் கூட்டத்தில், மார்க்கெட் ஸ்திரீட்டின் நடுவில், வலது கால் எடுத்து வைக்க வரவில்லை. கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதை முழுக்க மோட்டார் சைக்கிள்களும் சுடிதார் தொங்கும் சட்டங்களும். உட்கார ஓர் இடமில்லை. ஒரு மளிகைக் கடை வாசலில் அடுக்கியிருந்த மூட்டையின்மேல் அப்படியே சரிந்தாள்.

“அக்கா, பாத்து. அது அரிசி இல்ல, காஞ்ச மொளகா. நீங்க எந்திரிச்சா இந்த ரோடே தும்மும்” என்றார் கடைக்காரர் ஷேக் அலாவுதீன். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். “இது இனிமே இங்கதான் இருக்கும். எப்ப வந்தாலும் உக்காந்துட்டுப் போங்க.”

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி துளசி யோசித்தாள். இங்கே ஒரு ஸ்டூல் இருப்பது தனக்குத் தெரிந்துவிட்டது. இதே தெருவில் கைத்தடியோடு தடுமாறும் மற்றவர்களுக்கு யார் சொல்வது?

அன்றிலிருந்து ஊரை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். எந்தக் கோயில் படியில் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த மருத்துவர் அறைக்கு மாடி ஏறவேண்டும், எந்தக் கடைக்காரர் நாற்காலி தருவார், எவர் தந்துவிட்டு முகத்தைச் சுளிப்பார் என்பதெல்லாம் அவளிடம் சேர்ந்தது. இதைக் கேள்விப்பட்டு, “அக்கா, இத இன்டர்நெட்ல ஓர் அகப்பக்கமாப் போடுவோம்” என்று முதலில் சொன்னவன் கோகிலன்தான்.

கோகிலன் அதே தொழிற்சாலையில் மெஷின் பார்த்த டெக்னீசியன். துளசியைவிடப் பத்து வயது இளையவன். ஒருமுறை ஒரு லாட் வட்டுகள் முழுக்கக் கெட்டுப்போய், பழியை அவன் தலையில் கட்டப் பார்த்தார்கள். பழுது மெஷினில் இல்லை, வெளியிலிருந்து வந்த சரக்கில் என்று மேலாளர் அறையில் நின்று பேசி அவன் வேலையைக் காப்பாற்றியவள் துளசி. அதன்பிறகு அவனுக்கு அவள் சொந்த அக்காவுக்கு மேல். அவனும் முன்னதாகவே வேலையை விட்டு, சிறு கடைகளுக்கு அகப்பக்கம் செய்து கொடுக்கும் தொழிலில் இறங்கியிருந்தான்.

அகப்பக்கத்தைப் பதிவு செய்யும்போது மின்னஞ்சல் முகவரி கேட்டது. துளசியிடம் இருந்த மின்னஞ்சல் கம்பெனி கொடுத்தது. ஓய்வோடு அதுவும் போயிற்று. “என் பேர்லயே போட்டுடவாக்கா?” என்றான் கோகிலன். “போடு” என்றாள். அதை அவள் இரண்டாம் முறை நினைத்துப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினிலும் டெக்னீசியன் பெயர்தான் ஒட்டியிருக்கும். ஆனால் தரம் பார்ப்பவள் கையெழுத்து இல்லாமல் அதிலிருந்து ஒரு வட்டுகூட வெளியே போகாது. பெயர் ஒருவருடையது, முடிவு இன்னொருவருடையது. உலகம் அப்படித்தான் நடக்கிறது என்று அத்தனை வருஷம் பழகியிருந்தாள்.

கோகிலன் முதலில் செய்து காட்டிய பக்கம் பார்க்க அழகாக இருந்தது. வெள்ளைப் பின்னணி, வெளிர்சாம்பல் எழுத்து.

“எப்படிக்கா? கிளாஸா இருக்குல்ல?”

துளசி கைப்பேசியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, பஸ் நிறுத்தத்தில் உச்சி வெயிலில் போய் நின்றாள். பின்னாலேயே வந்தவனிடம் நீட்டினாள். “படி.”

அவன் கண்ணைச் சுருக்கினான், கையால் நிழல் கட்டினான், தலையைச் சாய்த்தான். “வெயில்ல யாருக்கா படிக்கப் போறா?”

“நம்ம ஆளுங்க வேற எங்க நின்னு படிப்பாங்க? உன் ஏர்கோன் ரூம்லயா? எழுத்தக் கறுப்பாக்கு. பெருசாக்கு.”

அதற்குப் பிறகு எந்த மாற்றத்தையும் ஆளிடம் கொடுத்துப் பார்க்காமல் அவள் ஏற்கவில்லை. அவளுடைய முறை இது: கைப்பேசியைக் கையில் கொடுப்பாள், ஒரு வேலையைச் சொல்வாள், பிறகு வாயைத் திறக்கமாட்டாள். விரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். தடுமாறினால் உதவக் கூடாது. தடுமாறுகிற இடம்தான் பழுது.

முதல் பரீட்சை ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில், கோகிலனின் அம்மா நல்லம்மாளிடம் நடந்தது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கே உட்காரலாம் என்று கண்டுபிடிக்க வேண்டும். நல்லம்மாள் பக்கத்தை மேலும் கீழும் தள்ளினார். ஒன்றும் அகப்படவில்லை. கோகிலனுக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா, மேல மூலையில மூணு கோடு இருக்கு பாரு. அதத் தொட்டா எல்லாம் தொறக்கும்.”

“கோடாடா அது? நான் விபூதின்னு நெனச்சேன். சாமிப் பக்கம்னு அப்பவே கண்ல ஒத்திக்கிட்டேன்.”

துளசி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆள் எட்டிப் பார்த்தார். மூன்று கோடு அன்றே போயிற்று. அதற்குப் பதில் ‘கோயில், சர்ச், ஆஸ்பத்திரி, கடைத்தெரு’ என்று நான்கு பெரிய சொற்கள் வந்தன.

அடுத்தது வரைபடம். கோகிலன் அதில் சிவப்புப் புள்ளிகளைக் குத்தி வைத்திருந்தான். துளசி அதை வில்லியம் அண்ணனிடம் கொடுத்தாள். வில்லியம் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மார்த்தா போனபிறகு, ஒரு கையில் கைத்தடியோடு எல்லா இடத்துக்கும் தனியாகவே போகிறவர். வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இது நான் எங்க நிக்கறேன்னு என்னையே கேக்குதும்மா. அது தெரிஞ்சா நான் ஏன் இதத் தொறக்கறேன்?”

கோகிலனே சிரித்துவிட்டான். வரைபடம் போயிற்று. இடங்களை நடக்கிற வரிசையில் அடுக்கினார்கள்: பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் எது, அதிலிருந்து அடுத்தது எது. களைத்து நிற்பவன் தேடமாட்டான், அடுத்தது எங்கே என்று மட்டும்தான் கேட்பான் என்பது துளசிக்குத் தன் காலிலிருந்தே தெரியும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு படம். அதுவும் கோபுரத்தையோ கடைப் பலகையையோ எடுத்தது அல்ல; குனிந்து எடுத்த படியின் படம். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு வரி: ‘துளசி போய்ப் பார்த்தது’ என்று போட்டு, அந்தத் தேதி. ஸ்டூல் போட்ட கடைக்காரர் நாளைக்கே கடையைக் காலி செய்யலாம். எப்போது பார்த்தது என்று சொல்லாத தகவலை அவள் தகவலாகவே மதிப்பதில்லை. ஒரு வருஷத்துக்கு முந்தைய தேதியாக இருந்தால் அப்படியே இருக்கட்டும், படிப்பவர் அதைப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும் என்பாள்.

கடைசியாகப் பச்சைப் பட்டன். எழுதியதில் இல்லாத சந்தேகம் வந்தால் துளசிக்கே போன் போட வேண்டும் என்பதற்காக வைத்தது. கோகிலன் அதை மேலே வைத்திருந்தான். கைத்தடி பிடித்த வில்லியம் ஒரு கையால் கைப்பேசியைப் பிடித்தபோது கட்டைவிரல் மேலே எட்டவில்லை. கீழே இறக்கினார்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது அங்கேயே, அதே பச்சையில், அதே அகலத்தில் இருக்க வேண்டும் என்று துளசி பிடிவாதமாக நின்றாள்.

“ஒரு பக்கத்துல கொஞ்சம் தள்ளி இருந்தா என்னக்கா இப்ப?”

“தள்ளவே கூடாது. கண்ணாடி இல்லாம வந்திருப்பாங்க, மயக்கம் வர்ற மாதிரி இருக்கும். அப்ப உக்காந்து படிச்சுக்கிட்டு இருப்பாங்களா? படிக்கவே தேவையிருக்கக் கூடாதுடா. விரல் தானாப் போகணும்.”

“நீங்க இந்த வேலைக்கு வந்திருந்தா எங்க பொழப்பு போயிருக்கும்லா” என்றான் கோகிலன். அப்போது அவன் குரலில் இருந்தது உண்மையான மரியாதை.

முகவரியைத் தட்டச்சு செய்வது பெரியவர்களுக்குச் சூசா, கஷ்டம். ஆகவே ஒவ்வொருவர் கைப்பேசியிலும், முதல் திரையின் கீழ் வலது மூலையில், கட்டைவிரல் ஓய்வெடுக்கும் இடத்தில், சிவப்பு ஸ்டூல் படம் ஒன்றைத் துளசி தன் கையாலேயே வைத்துக் கொடுத்தாள். தொட்டால் பக்கம் திறக்கும். கோயில் அன்னதானத்தில், சர்ச் வாசலில், ஆஸ்பத்திரி வரிசையில் என்று அது பரவியது. ‘துளசி அக்கா ஸ்டூலு’ என்றே பெயராகிவிட்டது. பச்சைப் பட்டன் வழியாகத் தினமும் யாராவது கூப்பிடுவார்கள். குவீன் ஸ்திரீட்டில் நிக்கறேம்மா, நீ சொன்ன பெஞ்சில பூனை படுத்திருக்கு, எழுப்பலாமா என்றுகூட ஒருத்தி கேட்டாள்.

இரண்டாவது வருஷம் துளசிக்கு முழங்காலில் அறுவை செய்தார்கள். கோகிலன் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழங்களோடு வந்தான். “நீங்க நல்லாப் படுத்து ரெஸ்ட் எடுங்கக்கா. பக்கத்த நான் பாத்துக்கறேன்” என்றான். அவன் போனபிறகு பக்கத்துக் கட்டில்காரி, “உன் தம்பியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றாள் துளசி.

வீட்டில் கிடந்த மாதங்களில் போன் வரவில்லை. ஊரே தன்னைத் தொந்தரவு செய்யாமல் இருக்கிறது என்று நினைத்து நெகிழ்ந்தாள். ஒருமுறை பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எழுத்து அதே கறுப்பு, பட்டன் அதே இடம். கோகிலன் ஒன்றையும் கலைக்கவில்லை என்று நிம்மதியாக மூடினாள். தன் பெயருக்குக் கீழே உள்ள தேதிகளை அன்று அவள் கவனிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவள், அந்த ஒரு நாள் முன்பக்கத்தோடு நின்றுவிட்டாள்.

கால் தேறி முதன்முதலாக லிட்டில் இந்தியாவுக்குப் போன அன்று, ஷேக் அலாவுதீன் கடை ஸ்டூலில் வில்லியம் உட்கார்ந்திருந்தார்.

“வாம்மா துளசி! கால் எப்படி இருக்கு? உனக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். நீ அனுப்புன பொண்ணு ரொம்ப மரியாதை.”

“நான் எந்தப் பொண்ண அனுப்புனேண்ணே?”

“உன் பட்டன அமுக்கினேன்ல, அந்தப் பொண்ணுதான் பேசுச்சு. துளசி அக்கா ஆபரேஷன்ல இருக்காங்க, நாங்கதான் பாத்துக்கறோம்னுச்சு. மறுநாள் வீட்டுக்கே வந்து காலுக்கு ஒரு மிஷினு வச்சுக் குடுத்துட்டுப் போச்சு. கால உள்ள விட்டா குத்துது, சுடுது.” வில்லியம் குரலைத் தாழ்த்தினார். “பென்ஷன்ல மாசா மாசம் பிடிக்கிறாங்க, அதான் கொஞ்சம் இடிக்குது. வலி ஒண்ணும் குறையல. ஆனா நீ சொன்னதாச்சேன்னு தெனம் வச்சுக்கறேன்.”

துளசி நின்ற இடத்திலேயே தன் கைப்பேசியை எடுத்துச் சிவப்பு ஸ்டூலைத் தொட்டாள். பச்சைப் பட்டனை அமுக்கினாள். அவள் கையிலிருந்த போனுக்குத்தானே அது வந்திருக்க வேண்டும். ஆனால் மறுமுனையில் மணி அடித்தது. “வணக்கம், துளசி அக்கா பக்கத்துல இருந்துதானே கூப்பிடறீங்க? மூட்டு வலியா?” என்றது ஒரு பெண் குரல், தேன் போல. துளசி துண்டித்தாள்.

பிறகு திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஷேக் அலாவுதீன் கடையின் படத்துக்குக் கீழே: ‘துளசி போய்ப் பார்த்தது’. தேதி, முந்தின நாள். சர்ச் படிக்குக் கீழேயும் அதே தேதி. ஆஸ்பத்திரி, கோயில் எல்லாவற்றுக்கும் அதே. முந்தின நாள் அவள் பாயான் பாருவில், வீட்டு வராண்டாவின் கம்பியைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தாள்.

பட்டனைக்கூட அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. அந்தத் தேதியைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் காலை ஆயர் ஈத்தாம் பாசார் சந்தைக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் கோகிலனைப் பிடித்தாள். அவன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். “தே ஓ கோசோங் ஒண்ணு” என்று கடைக்காரரிடம் குரல் கொடுத்தான். “அக்காவுக்குச் சீனி ஆகாது.”

“வில்லியம் அண்ணனுக்கு மிஷின் வித்தது யாரு?”

“எந்த வில்லியம்?”

“உன் மேப்பப் பாத்து உன்னையே சிரிக்க வச்சாரே, அந்த வில்லியம்.”

தேநீர் வந்ததும் கோகிலன் குவளையை அவள் பக்கம் நகர்த்தினான். “கோபப்படாதீங்கக்கா. நீங்க படுத்துட்டீங்க. கூப்பிடறவங்களுக்கு யாராச்சும் பதில் சொல்லணும்ல? ஒரு கம்பெனி, நம்ம ஆளுங்கதான், தேடி வந்து கேட்டாங்க. நல்ல பொருளுதான். மூட்டு வலிக்காரங்களுக்கு மூட்டு வலி மிஷின். இதுல என்ன தப்பு?”

“பதில் சொன்னாங்களா? வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்காங்க.”

“எங்கம்மாவே தெனம் அதுலதான் கால வைக்கிறாங்க. எங்கம்மாவுக்கு ஆகாததையா நான் ஊருக்குக் குடுப்பேன்? சொல்லுங்க.”

அது துளசியைத் தடுத்தது. நல்லம்மாளை அவளுக்குத் தெரியும். அம்மா விஷயத்தில் கோகிலன் எப்படிப்பட்டவன் என்றும் தெரியும். ஒருவேளை இவன் அந்தப் பொருளை உண்மையாகவே நம்புகிறானோ? நம்பிச் செய்தவன் வேறு, தெரிந்தே செய்தவன் வேறு.

“சரி. தேதி?”

அவன் பார்வை குவளைக்குப் போனது. “அது சும்மாக்கா. அப்படியே தானா மாறுற மாதிரி போட்டேன். பழைய தேதி இருந்தா பக்கம் செத்துப்போன மாதிரி தெரியும்.”

“தேதிக்கு மேல என் பேரு இருக்குடா.”

“அதுக்காகத்தானே எல்லாரும் நம்பறாங்க.” சொன்னபிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது போலிருந்தது. அவசரமாகத் தொடர்ந்தான். “நான் ஒண்ணையும் கெடுக்கலக்கா. நீங்க சொன்னத அப்படியே வச்சிருக்கேன். அந்தக் கம்பெனிக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? இத்தன பேரு அமுக்குற பட்டன அவன் எங்கயும் பாத்ததே இல்லையாம். படிக்கவே தேவையில்ல, விரல் தானாப் போகணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

துளசிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. மயக்கம் வந்து நிற்கிறவனுக்காக, யோசிக்க முடியாதவனுக்காக, அவன் யோசிக்காமலே கை போகட்டும் என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்த பட்டன் அது. யோசிக்காமல் போன கையைத்தான் இவன் பிடித்துக் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறான்.

“பழையபடி மாத்து.”

“ஒப்பந்தம் போட்டாச்சுக்கா.”

“அப்ப மூடிடு.”

“அது என் பேர்ல இருக்குக்கா” என்றான். மிரட்டலாக இல்லை; வருத்தத்தோடு ஒரு தகவலைச் சொல்வது போலச் சொன்னான்.

“அத்தன வருஷம் மிஷினும் உன் பேர்லதான் இருந்துச்சு. என் கையெழுத்து இல்லாம ஒரு வட்டு வெளிய போயிருக்கா?”

“அது ஃபேக்டரிக்கா. அங்க நம்ம ரெண்டு பேருக்கும் மேல ஒருத்தன் இருந்தான்.”

துளசி தேநீரைத் தொடாமல் எழுந்தாள்.

பக்கத்தை மூட அவளால் முடியாது. அதற்குப் போகும் வழியை மூட முடியும். அந்தச் சிவப்பு ஸ்டூலை யார் யார் கைப்பேசியில் வைத்தோம் என்பது அவளுக்கு முகம் முகமாக ஞாபகம் இருந்தது. சரியாகத் தேறாத காலோடு, அதே பஸ்களில், அதே படிகளில் ஏறி இறங்கினாள். தான் எழுதி வைத்த இடங்களிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து போனாள். வில்லியம் வீட்டில் கைத்தடியின் நிழல் விழும் மூலையில் அந்த மிஷின் இருந்தது. நடந்ததைச் சொன்னதும் அவர் மிஷின் பக்கம் திரும்பினார்.

“அப்ப நீ சொல்லலியா இத வாங்கச் சொல்லி?”

“இல்லண்ணே.”

“நான் உனக்காகத்தாம்மா இந்தச் சூட்டத் தாங்கினேன்” என்றார். ஏமாந்ததைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. கைப்பேசியைத் தானே நீட்டினார். அவள் படத்தை அழுத்திப் பிடித்து நீக்கியபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

எல்லோரும் அப்படி இல்லை. “நீயே வைப்ப, நீயே எடுப்பியா? நாங்க என்ன விளையாட்டுச் சாமானா?” என்று அன்னதானத்தில் ஒருத்தி எல்லோர் முன்னாலும் கேட்டாள். இன்னொருத்தி, பங்கு சரியாகப் பிரியவில்லை போல, அதான் தம்பியும் அக்காவும் முட்டிக்கொண்டார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். துளசி விளக்கம் சொன்னாள், கேட்டவர்கள் கேட்டார்கள். கைமாறிக் கைமாறிப் போய் அவள் முகம் அறியாத கைப்பேசிகளிலும் அந்த ஸ்டூல் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவற்றுக்கு அவளிடம் வழி இல்லை.

நல்லம்மாளைக் கடைசிக்கு வைத்திருந்தாள். பயம் என்றுகூடச் சொல்லலாம். பெற்ற தாயிடம் போய் மகனைப் பற்றி என்ன சொல்வது? தவிர, அந்த அம்மாளும் தினம் அதில்தானே கால் வைக்கிறார். பார்த்தால் மனம் கொஞ்சம் ஆறும். நம்பித்தான் செய்திருக்கிறான் முட்டாள் என்று ஒரு பக்கமாவது மன்னித்துவிடலாம்.

ஆயர் ஈத்தாம் வீட்டில் நல்லம்மாள் இரும்புக் கதவைத் திறந்தார். “ஐயோ துளசி, இந்தக் காலோடயா வந்த? உக்காரு, உக்காரு. கோகிலன் உன்ன ஆஸ்பத்திரியில வந்து பாத்தானா?”

“பாத்தாம்மா. ஆரஞ்சு வாங்கிட்டு வந்தான்.”

துளசியின் கண் பழக்கதோஷத்தில் கூடத்தைச் சுற்றி வந்தது. சாமி படம், தொலைக்காட்சி, தைல பாட்டில், பழைய கைத்தடி. “மிஷின உள்ள வச்சிருக்கீங்களாம்மா?”

“என்ன மிஷினு? துணி தொவைக்கிறதா?”

“கால் வலிக்கு.”

“எனக்கெதுக்கு அதெல்லாம்? கோகிலன்கிட்ட நான்தான் கேட்டேன், மாடி வீட்டுக்காரி வாங்கியிருக்காளே, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுடான்னு. அதெல்லாம் சும்மா, காசு புடுங்குறானுங்க, நீ தைலத்தத் தேயின்னுட்டான்.”

துளசி கையை நீட்டினாள். “அம்மா, உங்க போனக் கொஞ்சம் குடுங்க. அந்தச் சிவப்பு ஸ்டூல எடுத்துடறேன்.”

“அத அவனே எடுத்துட்டாம்லா. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்பவே. துளசி வச்சுக் குடுத்தது, ஏண்டா எடுக்கறன்னு சண்டை போட்டேன். இனிமே அதத் தொடாதம்மா, வைரஸ் வந்துருச்சுன்னான்.” நல்லம்மாள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னார். “அவனுக்கு என்மேல அம்புட்டு அக்கறை. மைலோ குடிக்கிறியா?”

ஆஸ்பத்திரியில் இருந்தபோதே. ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, பக்கத்த நான் பாத்துக்கறேன் என்று சொன்ன அதே நாட்களில், ஊரில் இருக்கிற அத்தனை கைப்பேசிகளில் ஒன்றே ஒன்றிலிருந்து அவன் அந்தப் படத்தை எடுத்திருக்கிறான். அவன் கையாலேயே.

“குடிக்கிறேம்மா” என்றாள் துளசி.

நல்லம்மாள் குவளையை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தார். “ஆனா என் விரலப் பாரேன், இன்னும் அங்கதான் போகுது.” கட்டைவிரல் முதல் திரையின் கீழ் வலது மூலைக்குப் போய், ஒன்றுமில்லாத இடத்தில் அழுத்தியது. ஒன்றும் திறக்கவில்லை. சற்றுத் தள்ளி மறுபடி அழுத்தினார். துளசி, எப்போதும் போல வாயைத் திறக்காமல், அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.